என் பாஸ், அவருடைய கெப்

என் சகலனுக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு தம்பி. எனக்குக் கனடாவில் ஓர் அக்கா. இரண்டு பேரும் பெட்டி அனுப்புகிறவர்கள். அக்காவின் பெட்டியில் சொக்லேட், ஷாம்பு, யாரோ போட்டுக் கழித்த குளிர்ச் சட்டை எல்லாம் வரும். வெள்ளவத்தையில் எந்தக் குளிருக்கு அதைப் போடுவது என்று அக்கா ஒருநாளும் யோசித்ததில்லை. சகலனின் தம்பி அனுப்பிய பெட்டியை மாடிக்கு ஏற்றுவதற்கு நானும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. இறக்கி வைத்தபோது தரை அதிர்ந்து, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே கெப்பின் முன்பக்கச் சாமான்கள் இருந்தன. பிக்கப்பை நாங்கள் கெப் என்றுதான் சொல்வோம். சில்லுகளைத் திருப்பும் தண்டுகள், அவற்றின் நுனியில் பூட்டும் மூட்டுகள், மேல் ஆர்ம் இரண்டு, அதிர்வைத் தாங்கும் ஷொக் இரண்டு, இன்னும் சில. எல்லாம் ஹெவி டியூட்டி. சாதாரணத் தண்டைப்போல ஒன்றரை மடங்கு பருமன். சுரங்க வேலைக்கு ஓடுகிற வாகனங்களுக்குப் போடுவது என்று சகலன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையே இல்லை. கொஞ்சம் பெருமை அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சகலன் என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஏழு வயது இளையவர். எங்கள் இருவரிடமும் ஒரே கொம்பனியின், ஒரே ஆண்டுக் கெப் இருந்தது. நான் அதில் மணவறை ஏற்றுகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் கலியாணம் என்றால் தூணும் வளைவும் சிம்மாசனமும் என் கெப்பில்தான் போகும். அவர் கிளிநொச்சிப் பக்கத் தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டர் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்கிறவர். வடக்கின் கிரவல் ரோட்டுகளில் அடிபட்டு அவருடைய முன்பக்கம் தளர்ந்துபோயிருந்தது. எனதும் தளர்ந்துதான் இருந்தது. ஐம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். அறுபதைத் தாண்டினால் என் பல்லும் சேர்ந்து நடுங்கும். இத்தனைக்கும் கனடாவில் இருந்து எனக்கு ஒரு நட்டுக்கூட வந்ததில்லை.

சாமானை யார் பூட்டுவது என்று பேச்சு வந்தபோது சகலன் என்னைப் பார்த்து, "அண்ணை, உங்கட பாஸ் செய்வாரே?" என்று கேட்டார்.

மெக்கானிக், மேசன், தச்சன் எல்லோரும் கொழும்பில் பாஸ்தான். ஆனால் 'உங்கட பாஸ்' என்று அவர் சொன்னதில் எனக்கு ஒரு குளிர்ச்சி. கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் அந்த மனிதர் பதினொரு வருடமாக என் பாஸ். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர், கிரீஸ் படிந்த விரல்களால் ஒரு மூட்டைத் தொட்டு ஆட்டிப் பார்த்தே அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பாஸைக் கூட்டிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் பழைய சாமான் வாங்கப் போவேன். அவர் தட்டிப் பார்த்துத் தலையாட்டினால் வாங்குவேன், இல்லாவிட்டால் வந்துவிடுவேன். அப்படிப்பட்ட மனிதரை இன்னொருவருக்குக் காட்டிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சபையில் கேட்டுவிட்டார். மனைவியும் அவள் தங்கையான மச்சாளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ஓம், அதுக்கென்ன" என்று சொன்னேன்.

வேலை வியாழனும் வெள்ளியும். வெள்ளி காலை முடிந்ததும் சகலன் குடும்பத்தோடு நேரே யாழ்ப்பாணம் போவதாக ஏற்பாடு. மச்சாளும் இரண்டு பிள்ளைகளும் பைகளோடு ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வந்து, அர்ச்சனை செய்துவிட்டு அங்கேயே காத்திருப்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு களனிப் பாலத்தைத் தாண்டி நீர்கொழும்பு, புத்தளம் என்று போவது. கராஜில் வாகனத்தைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. ஆகவே வாகனத்துக்காரர் பக்கத்திலேயே நிற்பார், அவருக்குப் பேச்சுத் துணைக்கு இன்னொருவர் நிற்பார். துணைக்கு நான்.

பாஸ் பெட்டியைத் திறந்த விதத்தை என்னால் மறக்க முடியாது. பேப்பரை விரித்து, அதன்மேல் ஒவ்வொரு சாமானாக எடுத்து, துணியால் துடைத்து, பூட்டும் வரிசையிலேயே அடுக்கி வைத்தார். மேல் ஆர்மைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்துத் தன் மனைவியை வரச்சொல்லிக் காட்டினார். பதினொரு வருடத்தில் என் சாமான் எதையும் பார்க்க அவர் மனைவி வெளியே வந்ததில்லை.

"இந்த மாதிரி சாமான் என் கைக்கு வந்ததே இல்ல தம்பி" என்றார் சகலனிடம்.

தம்பி. என்னை அண்ணே என்பார். அது மரியாதை. தம்பி என்பது வேறு. எனக்கு வயிறு எரிந்தது. பஞ்சிகாவத்தையில் நான் வாங்கிக் கொடுத்த பழைய மூட்டுகளை இந்த மனிதர் எப்படிப் பூட்டினார் என்று யோசித்தேன். சுத்தமாகத்தான் பூட்டினார், குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படிச் சிரித்துக்கொண்டு பூட்டவில்லை.

சகலன் வேறு சும்மா இருக்கவில்லை. நட்டுத் திருகும் சாவிகளை எடுத்துக் கொடுத்தார், டோர்ச் பிடித்தார், படுத்து அடியில் எட்டிப் பார்த்து, "பாஸ், இது ஏன் இப்பிடி வளைஞ்சிருக்கு?" என்று கேட்டார். பாஸ் விளக்கம் சொன்னார். பேசாத மனிதர் பேசினார்! பதினொரு வருடத்தில் நான் அடியில் எட்டிப் பார்த்ததில்லை, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு ஸ்டூலில் இருந்தவன் நான். அதற்கு என்னையே நொந்திருக்க வேண்டும். அவரைத்தான் நொந்தேன். பாஸுக்கு வால்பிடிக்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன்.

வெள்ளி காலை பத்து மணிக்குக் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்டது. மூட்டை இறுக்கும் நட்டில் வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுக்கு நேரே தண்டில் ஒரு துளை. இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு சிறு பின்னைச் செருகி, அதன் கால்களை இரண்டு பக்கமும் விரித்துவிட்டால், எத்தனை ஆயிரம் மைல் அதிர்ந்தாலும் நட்டு கழன்று வராது. அந்தப் பின்களை பாஸ் ஒரு பிஸ்கட் டின் மூடியில் எண்ணிப் போட்டிருந்தார். இடது சில்லுப் பக்கம் ஒரு நட்டில் வெட்டும் துளையும் நேருக்கு வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் இறுக்கணும். கடைசிச் சுத்துல பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் கேட்டது.

கடைசிச் சுற்று என்பது அவருடைய வழக்கம். எல்லாம் முடிந்தபிறகு கையைக் கழுவி, ஒரு சிகரெட் பிடித்து, தலை ஆறியபின் டோர்ச்சோடு மறுபடி அடியில் போய் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக்கொண்டு வருவார். அதன்பிறகு வாகனத்துக்காரரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போவார். துறைமுகப் பக்கம் நேரான ரோட்டில் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்துவிட்டு, முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். கெப் நூல் பிடித்தது போல நேரே போகும். திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பணிஸும் வாங்கித் தருவார். அவர் காசில். எனக்கு அது மூன்று தரம் வாய்த்திருக்கிறது. என் வாழ்க்கையில் கிடைத்த மரியாதைகளை எண்ணச் சொன்னால் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் எண்ணுவேன்.

பாஸ் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டே சகலனிடம், "ஒரு சுத்துப் பாத்திட்டு நாம ஒரு ரவுண்ட் போயிட்டு வருவம் தம்பி. நான் ஒண்டு காட்டுறேன்" என்றார்.

என்ன காட்டப்போகிறார் என்று எனக்குத் தெரியும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, மணி பத்து கழிஞ்சுது. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது" என்றேன்.

சகலனுக்கு இராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. எனக்கும் அப்படி ஒன்றும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மச்சாளுக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். "மச்சாள் கோயில்ல பாத்துக்கொண்டு நிப்பா. முதல் தரம் புதுச் சாமானோட வெளிக்கிடுறீங்கள், பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு" என்று இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அதே நேரம் அவருடைய போன் அடித்தது. மச்சாள்தான். அவவும் அதையேதான் கேட்டா போலும். சகலன் போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பாஸ், ரவுண்டை யாழ்ப்பாணத்தால வந்து போவம். இப்ப கெதியா எடுத்துத் தாங்கோ."

"எனக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது" என்றார் பாஸ். "ஆனா வீட்டுல சொன்னா கேக்கத்தான் வேணும்." ஜாக்கை இறக்கினார். சில்லு நட்டுகளை இறுக்கினார். பத்து இருபத்தைந்துக்கு சகலன் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பிளேன்டீ இல்லை, மாலு பணிஸ் இல்லை. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது சந்தோஷம்தான்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "என்ர கெப்பையும் ஒருக்காப் பாருங்கோ பாஸ், இப்ப நேரம் இருக்குத்தானே" என்றேன். பாஸ் பேப்பரை மடித்தார். பிஸ்கட் டின் மூடியை எடுத்தார். அதற்குள் பார்த்தார். பிறகு அசையாமல் நின்றார்.

மூடியில் ஒரு பின் இருந்தது.

"அண்ணே, இடது பக்கம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த நட்டு முழுதாக இறுகவும் இல்லை, பின்னும் இல்லை. அது கழன்றால் தண்டு விழுந்துவிடும், இடது சில்லு தன் பாட்டுக்குத் திரும்பும். நீர்கொழும்பு ரோட்டில் எதிரே லொறிகள் வரும். பின் ஆசனத்தில் இரண்டு பிள்ளைகள்.

போனை எடுத்து அடித்தேன். மச்சாள் ஸ்பீக்கரில் போட்டா. வாகனம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, உடனே நிப்பாட்டும். இடது பக்கம் ஒரு பின் போடேல்லை. சில்லு கழண்டு போயிடும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. "அண்ணை, கெப் சும்மா கப்பல் மாதிரிப் போகுது. பாலம் தாண்டிட்டம்."

"நான் பகிடி விடேல்லைத் தம்பி!"

"ஓம் அண்ணை. போன தரம் ரயர் மாத்தேக்கையும் வெடிக்கும் எண்டுதான் சொன்னனீங்கள். வீடு வாங்கேக்கை சுவர் வெடிக்கும் எண்டனீங்கள்." குரலில் கோபம் இல்லை. சின்னப்பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போலப் பேசினார். "உங்கட கெப்புக்கும் அவுஸ்திரேலியாத் தம்பியிட்டச் சொல்லி ஒரு செட் எடுப்பிக்கிறன். யோசியாதேங்கோ." வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். நான் அப்படியெல்லாம் சொன்னது உண்மைதான். ரயர் வெடிக்கும் என்றேன், சுவர் வெடிக்கும் என்றேன். அவருடைய மூத்த பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தபோது அங்கே அடிப்பார்கள் என்றேன். ஒன்றும் வெடிக்கவில்லை, ஒருவரும் அடிக்கவில்லை. அதையெல்லாம் அக்கறையில் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் பொறாமை எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று என்று இருந்தேன். அவர் அதை முழுதாகத் தெரிந்துகொண்டு, என் மனம் நோகாமல் என்னோடு பழகி வந்திருக்கிறார். அந்த நிமிடம் எனக்கு அதற்குக்கூட வெட்கப்பட நேரமில்லை.

"நம்பரச் சொல்லுங்க" என்றார் பாஸ். தன் பழைய போனில் அடித்தார். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் சகலன் எடுத்தார்.

"தம்பி, நான் பாஸ் பேசுறேன். மெதுவா ஓரமா நிப்பாட்டுங்க. புள்ளைகள இறக்குங்க."

வேறு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. "நிப்பாட்டிட்டன் பாஸ்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்டது.

என்னுடைய கெப்பில்தான் போனோம். பாலத்தின் மேல் நான் அறுபதைத் தாண்டினேன். ஸ்டியரிங் நடுங்கிய நடுக்கத்தில் பாஸ் மடியில் வைத்திருந்த சாவிகள் கலகலத்தன. அவர் வாய்க்குள் எதையோ செபித்துக்கொண்டு வந்தார். பின்னை ஒரு கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். 'நான்தான் அவசரப்படுத்தினேன்' என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தேன். சொல்லவில்லை.

வத்தளை தாண்டி பெற்றோல் நிரப்பும் செட் ஒன்றின் ஓரத்தில் நின்றார்கள். பிள்ளைகள் நிழலில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பாஸ் யாரையும் பார்க்காமல் தார் ரோட்டில் படுத்து அடியில் போனார். சகலனும் பக்கத்தில் படுத்தார். வெள்ளைச் சேர்ட்டோடு நானும் படுத்தேன். பாஸ் அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அது குழாய் மூடி போலச் சுற்றியது.

சகலன் தலையை வெளியே எடுத்து, தன் பிள்ளைகள் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாஸ் இறுக்கி, துளையை நேருக்குக் கொண்டுவந்து, பின்னைப் போட்டுக் கால்களை விரித்தார். பிறகு எல்லா நட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எழுந்து நின்று சகலனிடம், "தப்பு என்னோடது தம்பி" என்றார். நான் வாயைத் திறந்தேன். மச்சாள் முந்திவிட்டா.

"அத்தான்தானே முதல் சொன்னவர். நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?" என்று புருசனைக் கேட்டா.

சகலன் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, மறைக்காமல் சொன்னார். "அண்ணை எப்பவும் அப்பிடித்தானே சொல்லுறவர்."

ஒருவரும் மறுக்கவில்லை. மச்சாள்கூட மறுக்கவில்லை. அவ பிள்ளையின் வாயைத் துடைக்கத் திரும்பிவிட்டா. நான் சொல்ல வைத்திருந்த குற்ற ஒப்புதல் அப்படியே நின்றுவிட்டது. இப்போது சொன்னாலும் புதிதாக என்ன தெரிந்துவிடப்போகிறது என்று தோன்றியது.

பாஸ் சகலனை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போனார். அந்த ரோட்டின் நேரான துண்டில் அவர் இரண்டு கையையும் எடுத்திருப்பார், திரும்பிப் பார்த்திருப்பார். நான் மச்சாளோடும் பிள்ளைகளோடும் நின்றேன். உயிர் பிழைத்திருக்கிறார்கள், அதை நினைத்துக் கண் கலங்கியது உண்மை. அதே கண்ணால் அந்தக் கெப் போன திசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்குள் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு கிழமை கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். களுபோவிலை ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. சகலன் சாவியை என்னிடம் நீட்டி, "நீங்களே ஓடுங்கோ அண்ணை" என்றார். பெருந்தன்மை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காலி வீதியில் எடுத்தேன். நான் அப்படி ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்ததில்லை. நினைத்தால் திரும்பியது. பள்ளத்தில் விழுந்தபோது கைக்கு ஒன்றும் வரவில்லை. என் கெப்பும் இதுவும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வயிறு எரிந்தது, வழக்கம் போலத்தான் எரிந்தது. ஆனால் அன்று, எரிவதை எரியவிட்டுவிட்டு, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் கரகரத்தது.

"தம்பி, அருமையாய் இருக்கு. ஒரு குறையும் இல்லை."

சகலன் என்னைச் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அண்ணை? என்ன, சத்தம் ஏதும் கேக்குதோ?"

"இல்லை, இல்லை. உண்மையாத்தான் சொல்லுறன். நல்லா இருக்கு."

"ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். அவர் இறங்கி, முழங்காலை ஊன்றி, போனின் வெளிச்சத்தை இடது சில்லுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். பார்த்து முடித்து எழுந்தவர், முன்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கமும் பார்க்க வந்தார்.